பாயின்ட் பன்னிரண்டு நரம்பு

14 நவம்பர் 2024, வியாழன். நகரி

மூன்றாம் தறியில் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. கஞ்சி சரியில்லை என்கிறார் இவர். மழை ஈரம் என்கிறேன் நான். இரண்டுமாகவும் இருக்கலாம். சனிக்கிழமைக்குள் போகவேண்டிய சேலைகள் போகாது.

காதுக்குள் அதே ஓசை. எட்டுத் தறியும் ஓடும்போது தெரிவதில்லை. நிறுத்திய பிறகுதான் ஆரம்பிக்கிறது. மெல்லிய விசில், விடாமல். திருப்பதி காது டாக்டர் போன மாதம் சொல்லிவிட்டார்: கல்யாணமான நாளிலிருந்து பவர்லூம் சத்தத்தில் இருந்த காது, இந்த ஓசை இனிப் போகாது, முடிந்தபோதெல்லாம் அமைதியான இடத்தில் இருங்கள். நகரியில் அமைதியான இடம் எது என்று அவரையே கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தறி நின்றால் பக்கத்து வீட்டில் ஓடும்.

சாயங்காலம் மணிவேல் வந்தார். இவருடைய சிநேகிதர், நூல் வியாபாரி, என்னை அண்ணி என்று கூப்பிடுவார். நாராயணவனம் பக்கத்தில் ஒரு பழைய கல் குவாரியில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டதாம். திருப்பதிக்காரர்கள் சிலர் அதைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, தூண்டில் சங்கம் நடத்துகிறார்களாம். மணிவேலும் அதில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வாருங்கள், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றார். இவருக்கு ஞாயிறு தூங்கவேண்டும். நான்தான் போகலாம் என்றேன்.

17 நவம்பர், ஞாயிறு

போய் வந்தோம்.

எப்படி எழுதுவது? மூன்று பக்கம் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் சரிவு. நடுவில் தண்ணீர். வெயில் பட்டால் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவரும் பேசுவதில்லை. விசில் போய்விடவில்லை, இருந்தது. ஆனால் அங்கே அது பூச்சிச் சத்தம்போல மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அதை நான் கவனிக்காமல் இருந்தேன் என்பதே திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது.

மணிவேல் ஒரு கழியைக் கையில் கொடுத்தார். தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மீனும் தொடவில்லை. பக்கத்துப் பாறையில் இருந்த புத்தூர் டாக்டர் சின்னச் சின்ன ஜிலேபி மீனாக எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் நூல் எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. என்னுடையது எனக்கே தெரிந்தது. அப்படியானால் மீனுக்கு?

"தண்ணி கண்ணாடி மாதிரி கீது, அண்ணி. நரம்பு தடியா இருந்தா கிட்டவே வராது" என்றார் மணிவேல். தூண்டிலில் கட்டும் நைலான் இழையை இங்கே நரம்பு என்கிறார்கள்.

பிடித்த மீனை எல்லாம் எடை பார்த்துத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், சங்கத்தின் சட்டம். இவருக்கு அதுதான் தாங்கவில்லை. "துன்னாத மீனை எதுக்குப் புடிக்கணும்?" என்று வண்டியில் வரும்போது இரண்டு தடவை கேட்டார்.

விருந்தாளி வருஷத்துக்கு மூன்று முறைதான் வரலாமாம். அந்த வருஷம் ஏப்ரலில்தான் மாறும். சங்கத்தில் பெண் ஒருவர்கூட இல்லை.

எனக்கு ஒரு முறை முடிந்துவிட்டது.

18 நவம்பர், திங்கள்

காலை ஆறு மணிக்குத் தறி போட்டதும் எரிச்சல் வந்தது. இத்தனை வருஷத்தில் இல்லாத எரிச்சல். யார் மேல்?

20 நவம்பர், புதன்

மணிவேல் நாளை திருப்பதி போகிறார். எனக்கு நல்ல சன்னமான நரம்பு வாங்கி வரச் சொன்னேன். கடைக்காரர் நம்பர் கேட்பார் அண்ணி என்றார். புத்தூர் டாக்டருடையது எவ்வளவு என்று அவரிடமே போனில் கேட்டுச் சொன்னார்: பாயின்ட் இருபதுக்கும் கீழே. சரி, அதைவிடச் சன்னமாகவே இருக்கட்டும், நாற்பது வாங்குங்கள் என்றேன். அவரும் யோசிக்காமல் தலையாட்டினார்.

23 நவம்பர், சனி

நாற்பது வந்தது. பாக்கெட்டைத் தொட்டதுமே சிரிப்பு வந்துவிட்டது. மாடு கட்டலாம்.

பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற இழை சன்னம். அறுபது கவுண்டைவிட எண்பது சன்னம், அதைவிட நூறு. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது இதைத்தான். நைலானில் அந்த நம்பர் இழையின் கனம், மில்லிமீட்டரில். நம்பர் ஏறினால் தடிமன் ஏறும். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த எனக்கும் தோன்றவில்லை, தினம் நூல் விற்கிற மணிவேலுக்கும் தோன்றவில்லை. "கீழே"ன்னு டாக்டர் சொன்னாரே என்று கேட்டேன். "கவுண்ட்ல கீழன்னா தடின்னு நெனச்சேன் அண்ணி, தப்பா சொல்றாரு போலன்னு வுட்டுட்டேன்" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இவர் தறியிலிருந்து எட்டிப் பார்த்து, பைத்தியங்கள் என்று சைகை காட்டினார்.

29 நவம்பர், வெள்ளி. திருப்பதி

காது டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக சலீம் கடைக்கு. குடை ரிப்பேர், டார்ச் லைட், தூண்டில் சாமான், எல்லாம் ஒரே கடையில். வாசலில் நரம்புக் கட்டுகளைத் தோரணம்போல வெயிலில் தொங்கவிட்டிருக்கிறார். இது வேண்டாம், வெளிச்சம் படாமல் உள்ளே இருப்பதைக் காட்டுங்கள் என்றேன். வெயிலில் கிடந்த நைலான் மொறுமொறுவென்று ஆகிவிடும். நம் வீட்டு மொட்டை மாடிக் கொடிக்கயிறே சாட்சி.

"அக்கா, நீங்க நூல் கடைக்காரங்களா?"

"நெய்றவங்க."

"அதான. மீன் புடிக்கிறவன் எவனும் இப்டி தொட்டுப் பாக்க மாட்டான்."

மூன்று கம்பெனி சரக்கு எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் ஒரு முழம் இழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருவினேன். முதலாவதில் கனம் ஒரே சீராக இல்லை, நடு நடுவே மெலிவு. அங்கேதான் அறும். இரண்டாவது சீராக இருந்தது, ஆனால் கீழே விட்டதும் சுருள் சுருளாகச் சுருட்டிக்கொண்டது. தண்ணீரிலும் அப்படித்தான் நிற்கும், மீன் தொடுவது தக்கைக்குத் தெரியாது. மூன்றாவது சாம்பல் நிறம். விரலில் ஒன்றுமே இல்லாததுபோல ஓடியது. விட்டதும் தொங்கியது. நகத்தால் கீறினேன், வெளுக்கவில்லை.

அதில் இரண்டு வாங்கினேன். கழியிலிருந்து தக்கை வரை பாயின்ட் பதினெட்டு. தக்கையிலிருந்து முள் வரை, மீன் கண்ணில் படுகிற கடைசி இரண்டு முழத்துக்கு மட்டும், பாயின்ட் பன்னிரண்டு.

பன்னிரண்டு வேண்டாம் அக்கா, குழந்தைங்க வெளாட்டுக்குதான் அது ஆவும் என்றார் சலீம். பதினெட்டையும் பன்னிரண்டையும் எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அறுந்த பாவை இணைக்கத் தெரிந்த வீட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது!

7 டிசம்பர், சனி

நாளை இரண்டாம் முறை. மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது, தண்ணீர் தெளிந்திருக்கும் என்கிறார் மணிவேல்.

இணைப்பு முடிச்சை இவரையே போடச் சொன்னேன். இந்தத் தெருவில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்க்காமலே, இரண்டு நுனியையும் பிடித்து ஒரு சொடக்குப் போடும் நேரத்தில் முடிச்சுப் போட்டுவிடுவார். முடிச்சு தறியின் அச்சுச் சீப்பில் சிக்காமல் போகும், சேலையில் தடவினால் தெரியாது. நைலானிலும் அதேபோல முடிந்து, பல்லால் நுனி கடித்து, "இந்தா. திமிங்கலம் வந்தாலும் அவுராது" என்றார்.

8 டிசம்பர், ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

முதல் கால் மணி நேரத்திலேயே மீன் தொட்டது. என் நரம்பை மீனால் பார்க்க முடியவில்லை. தக்கை உள்ளே போனது, கழியைத் தூக்கினேன், கையில் ஒரு உயிர் துடித்தது. அது எப்படி இருந்தது என்றால்... போய்விட்டது. முள், ஈயம், பன்னிரண்டு நரம்பு, எல்லாம் சேர்ந்து போய்விட்டது. பதினெட்டின் நுனி மட்டும் வெறுமனே மேலே வந்தது.

இவர் மறுபடி முடிச்சுப் போட்டார். மறுபடி போனது. மூன்றாவது மீன் பெரியது, பாறைக்கடியில் இழுத்துக்கொண்டு போனது. அதுவும் போனது.

எல்லோரும் பார்த்தார்கள். சங்கத்தின் செயலாளர் ரமணா, திருப்பதியில் பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வாயில் முள் குத்திய மீனை இப்படி விடுவது பாவம் என்றார். அது நியாயம், எனக்கு வலித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மேடம், மீரு சீரலு நேயண்டி. சேப்பல சங்கதி மேமு சூஸுகுண்டாம்."

நீங்கள் சேலை நெய்யுங்கள், மீன் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாலைந்து பேர் சிரித்தார்கள். இவர் முகம் சுண்டிவிட்டது.

எனக்கு என்ன ஆயிற்றோ, அந்த இடத்திலேயே கேட்டுவிட்டேன். சங்கத்தில் சேர என்ன செய்யவேண்டும்? பெண்களைச் சேர்த்ததில்லை என்றார் ரமணா. சேர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? அப்படி எழுதவில்லை, ஆனால் வழக்கம் இல்லை. அப்போது மணிவேல் மெதுவாக, ஜனவரிப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர் விருந்தாளியாக இருந்தாலும் உறுப்பினராகலாம் என்று விதி இருக்கிறதே சார் என்றார். ரமணா என் கையிலிருந்த வெறும் நரம்பைப் பார்த்தார். ஓ, ரண்டி, ரண்டி என்றார். தாராளமாக வாருங்கள்!

ஜனவரி 19. என் மூன்றாவது முறை, கடைசி முறை. அதில் வந்தால் அந்தத் தண்ணீர் எனக்கு உண்டு. இல்லாவிட்டால் ஏப்ரல் வரை வாசல் இல்லை. அதற்குப் பிறகும் இன்னொருவர் தயவில் மூன்று ஞாயிறுதான். ஊர் ஏரிக்கரையில் ஒரு பொம்பளை தனியாகக் கழியோடு உட்கார முடியுமா? அரை மணியில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். சாயங்காலமானால் பாட்டில்காரர்கள்.

9 டிசம்பர், திங்கள்

சலீம் சொன்னது சரி. பன்னிரண்டு நரம்பு, குழந்தைகள் விளையாட்டுக்குத்தான். பேசாமல் இருபத்தைந்து கட்டிவிடலாம் என்கிறார் மணிவேல். இருபத்தைந்து அறாது. மீனும் வராது.

11 டிசம்பர், புதன்

ஒரு நாள் முழுக்க ஒரே ஓட்டம் மனசில். உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் புதுச் சேலையில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பார்க்கக் கண்ணாடியை எடுத்தேன். மடக்குகிற சின்னப் பூதக்கண்ணாடி, எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கும். மேசையில் ஞாயிறு கொண்டுபோன கழி சாய்ந்திருந்தது, அதில் பதினெட்டின் அந்த நுனி. சும்மா அதைக் கண்ணாடிக்கடியில் வைத்தேன்.

நுனி அறுந்திருக்கவில்லை.

அறுந்த இழை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெட்டினால் ஒரு மாதிரி, தேய்ந்து போனால் ஒரு மாதிரி, இழுத்து அறுந்தால் ஒரு மாதிரி. இது எதுவுமில்லை. இவர் பல்லால் கடித்த தடம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே இழை பன்றிக் குட்டியின் வால்போலச் சுருண்டிருந்தது. நரம்பு அறவில்லை. முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது.

நரம்பின் மேல் தப்பு இல்லை. தப்பு நம் முடிச்சின் மேல்.

இவரிடம் எப்படிச் சொல்வது என்று மத்தியானம் வரை தெரியவில்லை. சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னேன். கை நின்றுவிட்டது. "நான் போட்ட முடிச்சு அவுந்துச்சா? நகரில எவனையாவது கேட்டுப் பாரு மங்க. இருவத்தஞ்சு வருஷம் போட்டுக்கினு கீறேன், ஒண்ணு அவுந்துதா?"

பருத்தியில் அவிழாது, நைலானில் என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை. சரி, வாருங்கள் என்று தறிக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். உத்தரத்தில் நரம்பைக் கட்டி, நடுவில் இவர் கையாலேயே முடிச்சுப் போடச் சொல்லி, கீழே காலி எண்ணெய் கேனைத் தொங்கவிட்டேன். டம்ளரால் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது டம்ளரில் கேன் தரையில் விழுந்தது. கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க, இன்னொருதரம் தொங்க வுடு."

இன்னொரு முறையும் அதேதான். கண்ணாடியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொட்டகை ஈரம் துடைக்கும்போது எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஜெயித்தும் ஏன் இப்படி?

12 டிசம்பர், வியாழன்

காலை காபி குடிக்கும்போது இவராகவே கேட்டார். "இன்னாத்துக்கு உருவிக்கினு போவுது அது?"

பஞ்சு நூலுக்கு மேலே ரோமம் இருக்கிறது, அதில் கஞ்சியும் இருக்கிறது, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது. நரம்பு கண்ணாடிக் குழாய்போல வழவழ. பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் சும்மா கோத்தால் போதாது, தன்னைத்தானே பலமுறை சுற்றிக்கொண்டால்தான் பிடிக்கும், நூலுக்கு முறுக்கு ஏற்றினால் பலம் வருவதுபோல. இதைச் சொல்லிக்கொண்டே நானும் புரிந்துகொண்டேன்.

இவர் எழுந்துபோய் நரம்பை எடுத்து வந்தார்.

15 டிசம்பர், ஞாயிறு

மத்தியானத்துக்கு மேல் தறி போடவில்லை. நாங்களும் எண்ணெய் கேனும்தான்.

கண்ட முடிச்சு எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் நின்றது இது: இரண்டு நரம்பையும் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, சேர்த்து ஒரு வளையம் போட்டு, இரண்டு நுனியையும் வளையத்துக்குள் மூன்று முறை நுழைத்து, நாலு பக்கமும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். இவர் படக்கென்று இழுத்தார், தறிப் பழக்கம். நான்காவது டம்ளரில் அறுந்தது. கண்ணாடியில் பார்த்தால் முடிச்சருகே நரம்பு வெந்துபோய் வெளுத்திருக்கிறது. உராய்ந்த சூடு. அடுத்ததை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்கினேன். ஆறு டம்ளர் தாங்கியது. ஒரு கிலோவுக்கு மேல்!

நரம்பை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டும் பார்த்தோம். நைலான் தண்ணீர் குடிக்கும், பலம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் கூடுதலாக நீள்கிறது. மீன் வெடுக்கென்று இழுக்கும்போது அந்த நீட்டம்தான் காப்பாற்றும்.

சலீமுக்குப் போன் செய்து பெருமையாக முடிச்சை விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அது எல்லாருக்கும் தெரிஞ்ச முடிச்சுதான். அன்னிக்கே எப்டி இணைப்பீங்கன்னு கேட்டன். நீங்கதான் சிரிச்சீங்க" என்றார்.

சிரித்தேன்தான்.

31 டிசம்பர், செவ்வாய்

வருஷம் முடிகிறது. பச்சை ஜரிகைச் சேலைகள் முழுக்க விற்றுப் போய்விட்டன. இன்று ஒரு மணி நேரத்தில் எட்டு முடிச்சு போட்டேன், எட்டும் நின்றது.

12 ஜனவரி 2025, ஞாயிறு

மகள் பவ்யா பொங்கல் லீவுக்கு சித்தூர் காலேஜிலிருந்து வந்துவிட்டாள். கொட்டகையில் தொங்கும் எண்ணெய் கேனைப் பார்த்து, "நைனா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். "ரெண்டு பேருக்கும்தான்" என்றார் இவர்.

18 ஜனவரி, சனி

நாளை.

மணிவேல் வந்து சொன்னது மனசைக் கலைத்துவிட்டது. குவாரியில் ஒன்றரைக் கிலோ ரோகு மீன் எல்லாம் இருக்கிறதாம். போட்டியில் எல்லோரும் இருபது இருபத்திரண்டுதான் கட்டுவார்களாம், டாக்டரேகூட பதினாறுக்குக் கீழே இறங்கமாட்டாராம். பன்னிரண்டில் ஒரு பெரிய மீன் மாட்டினால் அவ்வளவுதான், அண்ணி, பாதுகாப்பாகப் போங்கள் என்றார்.

பாதுகாப்பு என்றால் என்ன? தடி நரம்பில் எதுவும் அறாது, எதுவும் வராது. நாலு மணி நேரம் பத்திரமாகத் தோற்றுவிட்டு வரலாம். சன்ன நரம்பில் மீன் வரும், அறுந்தால் எல்லோர் முன்னாலும் அறும். மறுபடி அந்தச் சிரிப்பு.

இவரைக் கேட்டேன். "நூறு கவுண்டுல நெய்யறது கஷ்டம்னு நாப்பதுல நெய்ஞ்சா, அந்தச் சேல வருமா?" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு.

19 ஜனவரி, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை போட்டி. பிடித்த மீனை வலைக்கூடையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கடைசியில் மொத்த எடை பார்த்து விட்டுவிடுவார்கள். சீட்டுப் போட்டதில் எனக்கு வந்தது கிழக்குப் பாறை. வெயில் நேரே தண்ணீருக்குள் இறங்குகிற இடம். பாவம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பக்கத்து இடம் ரமணாவுக்கு.

முதல் ஒரு மணி நேரம் குவாரி முழுக்க ஒன்றுமில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. வேர்க்கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்து பட்டாணி அளவு உருண்டை வைத்திருந்தேன். அது தண்ணீரில் இறங்குவது தெரிந்தது, நரம்பு தெரியவில்லை. உருண்டை தானாக இறங்குவதுபோல இருந்தது.

எட்டு மணிக்குத் தக்கை ஒரு பக்கமாக நகர்ந்தது. உள்ளங்கை அளவு ஜிலேபி. மெதுவாக, மெதுவாக. வலைக்கூடையில் விழுந்தது. முடிச்சைப் பார்த்தேன். அசையவில்லை.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஜிலேபி, கெண்டை, மறுபடி கெண்டை. ரமணா ஒருமுறை இடம் மாற்றிப் போட்டார், ஒருமுறை புழுவை மாற்றினார், ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு கஷ்டம்!

பத்தரை இருக்கும். தக்கை ஆடவே இல்லை, இருந்த இடத்தில் அப்படியே உள்ளே போனது. தூக்கினேன். பாறையில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு அந்தப் பாறை நடந்து போனது.

பெரியது. எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கழி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. என் கைகள் இழுக்கச் சொல்லின. பின்னால் இவர் குரல். வேறு யாருக்கும் கேட்காத சத்தத்தில், தறிக்குப் பக்கத்தில் நின்று காதோடு காதாகப் பேசுவதுபோல: "வுடு. பாவு இறுக்கமா கீது. வுடு மங்க, வுடு."

விட்டேன். அது போக விரும்பிய இடத்துக்கெல்லாம் கழியைக் கொண்டுபோனேன். போகும்போது கொடுத்தேன், நிற்கும்போது வாங்கினேன். நரம்பு நீண்டது, அதை விரலில் உணர்ந்தேன், ரப்பர்போல நீண்டு மறுபடி சுருங்கியது. ஒரு தடவை பாறைக்கடிக்கு ஓடியது. போன தடவை அங்கேதான் போயிற்று. கழியைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்துத் திருப்பினேன். திரும்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணிவேல் நீட்டு வலையோடு என் பக்கத்தில் வந்தபோது அது பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வலைக்குள் வந்தது. ரோகு. செதில் எல்லாம் செம்பு நிறம்.

என் காதில் விசில் கேட்டதா? ஞாபகமில்லை.

எடை போட்டது ரமணாதான். என் கூடையை ஒருமுறை வைத்தார், எடுத்தார், தராசைச் சரிபார்த்து மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்து சத்தமாகப் படித்தார். முதல் இடம் புத்தூர் டாக்டர். இரண்டாம் இடம் அலர்மேல்மங்கை, நகரி. என் முழுப் பெயரை யாரும் அப்படி உரக்கச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. ரமணா ஐந்தாவது.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் என் கழிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தக் கடைசி இரண்டு முழத்தை விரலில் எடுத்தார். பார்க்க முடியவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஈ தாரந்தோனா?"

இந்த நூலாலா என்றார். ஆமாம் சார் என்றேன். "நேனு அன்ன மாட்ட தப்பு, மேடம்." அன்று சொன்னது தப்பு என்று இவர் காதுபடச் சொன்னார். மூன்று மீன்களை முள்ளோடு விட்டது என் தப்பு சார் என்றேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

ரோகுவை விடும்போது என் கையில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இல்லை.

வண்டியில் புத்தூர் தாண்டிய பிறகு இவர், "ஒண்ணேகால் கிலோ ரோகு. கொழம்பு வெச்சா எப்டி இருந்திருக்கும்" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன்.

20 ஜனவரி, திங்கள்

தோள் இரண்டும் வலி. இன்பமான வலி. தெருவில் இவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன் இரண்டு கிலோ ஆகிவிட்டது.

27 ஜனவரி, திங்கள்

உறுப்பினராகச் சேர்த்தாகிவிட்டது. ரமணா போன் செய்தார். கடைசியில் தயங்கி, அந்தச் சாம்பல் நரம்பு எந்தக் கடையில் என்று கேட்டார். சலீம் பெயரைச் சொன்னேன். வாசலில் தொங்குவதை வாங்காதீர்கள் என்றும் சொன்னேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தனியாக பஸ்ஸில் போனேன். இவருக்குத் தூங்கவேண்டும், பாவம்.

காற்று அதிகம். தண்ணீர் முழுக்கச் சுருக்கம். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். எதுவும் தொடவில்லை. உருண்டையைக்கூட மாற்றவேண்டி வரவில்லை. பாறைமேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, அதுவும் ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போனது.

கிளம்பும்போது பக்கத்துப் பாறையிலிருந்து ரமணா ஏதாவது மாட்டியதா என்று கேட்டார்: "ஏமைனா பட்டாயா, மேடம்?"

"ஒகட்டி கூட லேது, சார்." ஒன்றுகூட இல்லை என்றேன்.

"நாக்கூ அந்தே", எனக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தன் தக்கையைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் நரம்பைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு மனம் மாறி, திரும்ப எடுத்து, இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.